அலமாரியிலுள்ள கேசட்டுகளும் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியும்



புனே கேம்ப் பகுதியிலும் அதைச் சுற்றிலும் வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் காணப்படும் இரண்டு பொருட்களைக் குறித்து இம்மாதம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன். முதலாவது, அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பாவிலோ துணிப்பையிலோ கிடக்கும் சிறிய கேம்கார்டர் கேசட்டுகள். இரண்டாவது, கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வீற்றிருக்கும் பிள்ளைகளின் வீடியோ கேம் பெட்டி. முதலாவதைப் பெற்றோர் மறந்துவிட்டார்கள். இரண்டாவதைக் குறித்து அவர்கள் ஓயாமல் முறையிடுகிறார்கள். ஆயினும் முதலாவதில் அடைபட்டிருக்கும் முகங்களையும் குரல்களையும் குடும்பத்தார் யாவரும் ஒன்றாயிருந்து காண இரண்டாவது உதவக்கூடும்.

1990-களிலும் 2000-த்தின் முதல் ஆண்டுகளிலும் நம்மவரில் அநேகர் கேம்கார்டர் வாங்கினார்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தவையும் உண்டு. அதைக்கொண்டு பிள்ளையின் முதல் பிறந்தநாளைப் பதிவு செய்தார்கள். திருமண ஆராதனையையும், ஞானஸ்நான ஆராதனையையும், கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தாத்தாவும் பாட்டியும் திண்ணையில் அமர்ந்து பேசியதையும் பதிவு செய்தார்கள். அந்தத் தாத்தாவும் பாட்டியும் பல வீடுகளில் இன்று இல்லை. அவர்கள் பேசிய ஊர்ப்பேச்சு, மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த பேரப்பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. புகைப்படம் முகத்தைக் காட்டும், குரலைக் கேட்பிக்காது. குரல் அந்தக் கேசட்டில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேசட் என்றென்றைக்கும் நிலைத்திராது என்பதை அறிந்துகொள்ளுங்கள். மெல்லிய நெகிழித் தகட்டின்மீது காந்தத்தன்மையுள்ள துகள்களை ஒருவகைப் பசையினால் பதித்துச் செய்யப்பட்டதே ஒளிநாடா. ஈரமும் வெப்பமும் அந்தப் பசையைக் கெடுக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் பெய்யும் மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள்ளும் ஈரம் புகுகிறது. நாடாவின்மேல் வெண்மையான பூஞ்சை படிகிறது. இது ஒருபுறமிருக்க, நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் மறைந்து வருகின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிப்பதிவுக் காப்பகம் 2025ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்து, அதற்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி இழந்துபோகக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டை நாம் எட்டிவிட்டோம். ஆகையால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பது இனி ஏற்றதல்ல.

இக்காரியத்தில் நாம் வாழும் நகரமே நமக்கு ஒரு பாடமாயிருக்கிறது. கேம்ப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், லா காலேஜ் சாலையில், 1964ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் அவர்கள் நாடெங்கும் அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் இதே புனேயில் காலமானார். தாதாசாகேப் பால்கே 1913இல் வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தின் ஒரு பகுதியையாவது நாம் காணக் கூடியதாயிருப்பது இத்தகைய உழைப்பினாலேயே. அப்படிப்பட்ட காப்பகத்துக்கும் 2003ஆம் ஆண்டு ஜனவரியில் பேரிழப்பு நேர்ந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த அறையில் தீ மூண்டு, பழைய படங்கள் பல எரிந்து போயின.

தமிழருக்கு நேர்ந்த இழப்பும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகிய 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், ஒளிப்பதிவுக் கலையைப் புனேயில் ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பயின்றார் என்று திரைப்பட வரலாறு கூறுகிறது. அந்தப் படத்தின் ஒரு சுருளும் இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' படமும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பார்த்த படங்களுக்கே இந்த நிலை நேர்ந்ததென்றால், உலகத்தில் ஒரே பிரதியாக உங்கள் அலமாரியில் கிடக்கும் கேசட்டைக் குறித்து எவ்வளவு கவனமாயிருக்க வேண்டும்!

இனி, செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேசட்டின் வகையை அறிந்துகொள்ளுங்கள். கேம்கார்டர் கேசட்டுகளில் வீடியோ-8, ஹை-8 என்பவை அனலாக் முறையில் பதிவானவை. 1995இல் வந்த மினி டிவி கேசட்டும் 1999இல் வந்த டிஜிட்டல்-8 முறையும் எண்முறையில் பதிவானவை. வகையைப் பொறுத்தே வழியும் அமையும். எண்முறைக் கேசட்டானால், கேம்கார்டரிலுள்ள ஃபயர்வயர் இணைப்பின் வழியாக, பதிவு துளியும் குறையாமல் அப்படியே கணினிக்குள் எடுத்துக்கொள்ளலாம். சோனி நிறுவனம் இதே இணைப்பை ஐ-லிங்க் என்று அழைத்தது. அனலாக் கேசட்டானால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள கேபிளை யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் பொருத்தி எடுக்கவேண்டும். சோனியின் டிஜிட்டல்-8 கேம்கார்டர்களில் பல மாதிரிகள் பழைய வீடியோ-8, ஹை-8 கேசட்டுகளையும் ஓட்டி, எண்முறையாக மாற்றி, ஃபயர்வயர் வழியே அனுப்பக்கூடியவை. உறவினர் எவரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் இரவல் கேளுங்கள்.

புதிய கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் 26இல் அந்த ஆதரவையே நீக்கிவிட்டது. ஆகவே அந்தத் துளையுள்ள பழைய கணினி ஒன்று வீட்டில் இருந்தால் பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிடாதேயுங்கள். கேபிளோ கார்டோ தேவையானால் புத்வார் பேட்டையிலுள்ள தப்கீர் கல்லியின் மின்னணுக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கேசட்டை ஓட்டுவதற்கு முன் அதைச் சோதியுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இயந்திரத்தில் போடவேண்டாம். அது அந்த நாடாவையும் கெடுக்கும். இயந்திரத்தின் தலைப்பகுதியையும் அழுக்காக்கி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை இல்லாவிடில், கேசட்டின் விளிம்பிலுள்ள சிறிய தடுப்பை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். அப்போது தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த நாடாவைக் கடைசிவரை ஒருமுறை ஓட்டி, திரும்பச் சுற்றிய பின்பு போடுங்கள். நாடா உள்ளே சிக்கிக்கொண்டால் கையால் இழுக்கவேண்டாம்.

மூன்றாவது, மூலப்பிரதியை முதலில் எடுங்கள். எண்முறைக் கேசட்டில் ஒரு மணிநேரப் பதிவு கணினியில் ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். பத்துக் கேசட்டுகளுக்கு 130 ஜிபி. இன்றைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இதற்குத் தாராளமாய் இடமுண்டு. இந்தப் பெரிய கோப்பே உங்கள் குடும்பத்தின் ஆவணம். வெட்டவும் ஒட்டவும் இசை சேர்க்கவும் இதன்மேல் கை வைக்காதேயுங்கள். ஒரு மணிநேர நாடாவை எடுக்க ஒரு மணிநேரம் ஆகும், விரைவாக்க வழியில்லை. சனிக்கிழமை மாலைக்கு ஒரு கேசட் என்று வைத்துக்கொண்டால் பத்து வாரங்களில் பத்தும் முடியும்.

நான்காவது, விளையாட்டுப் பெட்டிக்கேற்ற பார்வைப்பிரதியை அந்த மூலப்பிரதியிலிருந்து உண்டாக்குங்கள். இங்கேதான் அநேகர் சோர்ந்துபோகிறார்கள். கணினியில் நன்றாய் ஓடிய படம் பெட்டியில் ஓடவில்லையே என்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தெரிந்த சில முறைகளை மாத்திரமே வாசிக்கும் என்பதே காரணம்.

2000ஆம் ஆண்டில் வந்த ப்ளேஸ்டேஷன்-2 பெட்டி, டிவிடி படங்களை இயக்கும். கணினிக் கோப்புகளை அது தானாக இயக்காது. ஆகையால் அதற்கு வீடியோ டிவிடி ஒன்றையே எழுதிக் கொடுக்கவேண்டும். 4.7 ஜிபி வட்டு ஒன்றில் இரண்டு மணிநேரம் வரை நல்ல தரத்தில் அடங்கும். ப்ளேஸ்டேஷன்-3, எக்ஸ்பாக்ஸ்-360 ஆகியவை பென் டிரைவிலிருந்தே எம்பி-4 கோப்புகளை இயக்கும். எக்ஸ்பாக்ஸ்-360இல் இந்த வசதி 2007ஆம் ஆண்டில் மென்பொருள் புதுப்பிப்பினால் வந்தது. ப்ளேஸ்டேஷன்-4இல் இதற்கென்று மீடியா ப்ளேயர் செயலி 2015இல் கிடைத்தது. கையடக்கமான பிஎஸ்பி கருவி, மெமரி ஸ்டிக்கில் வைக்கப்பட்ட எம்பி-4 கோப்புகளை இயக்கும். உங்கள் வீட்டிலிருப்பது எதுவானாலும், அதன் கையேட்டில் எந்த வீடியோ முறைகளை ஏற்கும் என்ற பட்டியலை முதலில் வாசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் போதுமானது. படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி, கோப்புக்கு எம்பி-4 என்று தெரிவுசெய்தால் ப்ளேஸ்டேஷன்-3 முதல் பிந்திய பெட்டிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கோடுகள். நம் நாட்டில் விற்ற கேம்கார்டர்கள் பால் முறையைச் சேர்ந்தவை. அவை வினாடிக்கு 25 படங்களை, ஒவ்வொன்றையும் இரண்டு அரைப்படங்களாகப் பிரித்துப் பதிவு செய்தன. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் அது இயல்பாய்த் தெரிந்தது. இன்றைய தட்டைத் திரையிலோ, பிள்ளை ஓடும்போது அதன் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியை இயக்கினால் இது நீங்கும்.

இரண்டு, படத்தின் அளவு. கேம்கார்டர் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று என்ற விகிதத்திலுள்ளது. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. திரையை நிரப்பவேண்டுமென்று இழுத்தால், மெலிந்த பாட்டியின் முகமும் பருத்துத் தோன்றும். இரு பக்கமும் கறுப்பு இடம் விட்டுவிடுங்கள். பெரிய திரைக்கு 768க்கு 576 என்ற அளவு பொருத்தமானது. பிஎஸ்பியின் திரை 480க்கு 272. அதில் நாலுக்கு மூன்று விகிதப் படம் ஏறக்குறைய 362க்கு 272 ஆக அமையும்.

மூன்று, கோப்பின் பருமன். ப்ளேஸ்டேஷன்-3, எக்ஸ்பாக்ஸ்-360 பெட்டிகளுக்கான பென் டிரைவை ஃபாட்-32 முறையில் அமைக்கவேண்டும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டலாகாது. 13 ஜிபியுள்ள மூலப்பிரதியை அப்படியே நகல் எடுக்க முடியாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம். படத்துக்கு வினாடிக்கு 2 மெகாபிட், ஒலிக்கு 128 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணிநேரம் ஏறக்குறைய 1 ஜிபிக்குள் அடங்கும். பத்துக் கேசட்டுகளும் ஒரே 16 ஜிபி பென் டிரைவில் அமைந்துவிடும். பிஎஸ்பிக்கு 768 கிலோபிட் போதும். அதில் ஒலியையும் சேர்த்து ஒரு மணிநேரம் சுமார் 400 எம்பிதான்.

முழுக் கேசட்டையும் மாற்றிவிட்டுப் பிறகு ஓடவில்லை என்று வருந்தாதபடிக்கு, முதலில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை மாத்திரம் மாற்றிப் பெட்டியில் ஓட்டிப்பாருங்கள். படமும் ஒலியும் சேர்ந்து வருகின்றனவா, உதடும் சொல்லும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பு மற்றதைச் செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் தாங்களே செய்ய இயலாதவர்கள் கடையில் கொடுக்கலாம், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அசல் கேசட்டைத் திரும்பக் கொடுப்பார்களா? வெட்டாத முழுப்பதிவையும் ஹார்ட் டிஸ்க்கில் தருவார்களா, அல்லது டிவிடி மாத்திரமா? பேச்சொலியை நீக்கிச் சினிமா இசை சேர்க்கமாட்டார்களா? வேலை முடிந்தபின் தங்கள் கணினியிலிருந்து உங்கள் பதிவுகளை அழிப்பார்களா? முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, அது நன்றாய் வந்தபின் மற்றவற்றைக் கொடுங்கள்.

பிரியமானவர்களே, இனி பெற்றோருக்குச் சிறப்பாக ஒன்று சொல்லுகிறேன். "எந்நேரமும் இந்தப் பெட்டியின் முன்தானா?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தகப்பன்மார் அநேகர். இந்த வேலையில் அந்தப் பிள்ளையின் உதவி உங்களுக்கு வேண்டும். கோப்பு, விகிதம், மென்பொருள் என்பதெல்லாம் அவனுக்கு எளிதாய் விளங்கும். ஆனால் திரையில் தெரியும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் யார், அந்த வீடு எந்தத் தெருவிலிருந்தது, ஏன் அன்று எல்லாரும் சிரித்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இருவரும் அருகருகே அமர்ந்தாலொழிய இவ்வேலை நிறைவேறாது. மகனாயினும் மகளாயினும், "அப்பா, நிறுத்துங்கள், இவர் யார்?" என்று கேட்கும்போது பொறுமையாய்ப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கேசட்டின் எண், ஆண்டு, இடம், காணப்படுகிறவர்களின் பெயரும் உறவுமுறையும் அதில் இருக்கட்டும். கோப்பின் பெயரையும் "1998, பெரியப்பா வீட்டுத் திருமணம்" என்பதுபோல வையுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ஊரில் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், பென் டிரைவை எடுத்துச் சென்று அவர்களோடு அமர்ந்து பாருங்கள். படம் தப்பியும் அதிலுள்ளவரின் பெயர் தெரியாமற்போன வீடுகள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டியதாயிருக்கிறது. கேசட்டில் உள்ள யாவும் கூடத்தில் எல்லாருக்கும் முன்பாகக் காட்டத்தக்கவை அல்ல. சில வீடுகளில் திருமணப் பதிவு இருக்கிறது. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. சில பதிவுகளில் அடக்க ஆராதனை இருக்கிறது. அதைக் காணும் பெலன் தாய்க்கு இன்னும் வரவில்லை. ஆகையால் முதலில் நீங்கள் தனியே பாருங்கள். எதைப் பார்வைப்பிரதியில் சேர்ப்பது, எதை மூலப்பிரதியில் மாத்திரம் வைத்திருப்பது என்று தீர்மானியுங்கள். அழிக்கவேண்டாம், இன்று நோகச்செய்வது பத்து ஆண்டுகளுக்குப்பின் ஆறுதலாகலாம். மற்றவர்களுடைய முகங்கள் உள்ள பதிவுகளை அவர்களைக் கேளாமல் இணையத்தில் ஏற்றவும் வேண்டாம்.

முடிவாக, காப்பதைக் குறித்து. விளையாட்டுப் பெட்டியிலுள்ள பிரதி காண்பதற்கானது, காப்பதற்கானதல்ல. பெட்டிகளும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. உலகமெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்ற ப்ளேஸ்டேஷன்-2இன் உற்பத்தியும் 2013ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. ஆகையால் பெரிய மூலப்பிரதிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று ஊரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ திருட்டோ ஓரிடத்தில் நேர்ந்தால் மற்ற இடத்தில் ஒன்று தப்பியிருக்கும். ஆண்டுக்கொருமுறை இரண்டையும் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அசல் கேசட்டுகளையும் எறியாமல், உறையிலிட்டு, நிற்கும் நிலையில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

இந்த மாதத்தில் உங்களால் இயன்றால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த டப்பாவைக் கீழே இறக்கி, கேசட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண் எழுதுங்கள். எவற்றில் முதியோரின் குரல் இருக்கிறதோ அவற்றை முதலில் மாற்றுங்கள். பிறந்தநாள் கேக்குகள் காத்திருக்கலாம்.